ஆவியை அளந்த ஆசான்

மரக்காணத்து உப்பளங்களில் கடல்நீர் கொதிப்பதில்லை. வெயிலும் காற்றுமே அதனை ஆவியாக்கிப் பாத்திகளில் உப்பை விளைவிக்கின்றன. அப்பாத்தியின் செறிந்த நீரை ஆய்வுக்கூடத்துக் குடுவையில் இட்டுக் காய்ச்சினால் 100 பாகையில் அது கொதிக்காது. ஏறத்தாழ 108 பாகையை எட்டிய பின்னரே கொதிக்கும். நீரில் ஒன்று கலந்துள்ளது என்பதைக் கொதிநிலையே காட்டிக்கொடுத்துவிடும். வெயில் நமக்குச் செய்துதரும் இப்பணியை, ஈரக்காற்று மிகுந்த வங்கத்துக் கரையில் அடுப்பேற்றிக் காய்ச்சியே செய்தனர். அவ்வங்கத்தில், இன்று வங்கதேசத்தைச் சேர்ந்த குல்னாப் பகுதியின் ராருலி என்னும் சிற்றூரில், 1861 ஆகஸ்டு 2ஆம் நாள் தோன்றியவர் ஆச்சாரிய பிரபுல்ல சந்திர ராய்.

கில்கிறைஸ்டு உதவித்தொகை பெற்று எடின்பரோ சென்ற ராய், 1887இல் அறிவியல் முனைவரானார். தாயகம் திரும்பியவருக்குக் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் 1889இல் கிடைத்த ஊதியம் திங்களுக்கு 250 ரூபாய். ஒத்த தகுதியுடைய ஆங்கிலேயர் அமர்ந்த உயர்பணி, இந்தியர் என்பதனால் அவருக்கு எட்டாததாயிற்று. அவர் முறையிட்டுச் சோர்ந்துவிடவில்லை. மக்கள் உண்ணும் நெய்யையும் கடுகெண்ணெயையும் எடுத்துக் கலப்படம் ஆராயலானார். 1892இல் 700 ரூபாய் முதலுடன் தம் இல்லத்திலேயே வங்க இரசாயனத் தொழிற்கூடத்தைத் தொடங்கினார். 1896இல் மெர்க்குரஸ் நைட்ரைட்டு என்னும் மஞ்சள் நிறப் படிகத்தை உலகிற்கு அறிவித்தார்.

ஆயினும் அவர்தம் ஆற்றலை நன்கு விளக்குவது அம்மோனியம் நைட்ரைட்டு ஆய்வே எனலாம். சூடேற்றினால் இப்பொருள் நைட்ரஜனாகவும் நீராகவும் சிதைந்துவிடும். நம் மாணவர் ஆய்வுக்கூடத்தில் நைட்ரஜன் தயாரிப்பதும் இவ்வழியில்தான். கொதிக்குமுன் அழிந்துவிடும் ஒன்றிற்கு ஆவிநிலை ஏது? அது நிலையற்றது என்பதே அறிஞர் பலரின் எண்ணம். ராய் நெருப்பை மிகுக்கவில்லை. காற்றின் அழுத்தத்தைக் குறைத்தார். அழுத்தம் குறையின், மிதமான சூட்டிலேயே பொருள் ஆவியாகும். வெற்றிடத்தில் மெல்லச் சூடேற்றி, அப்பொருள் சிதையாது ஆவியாகுமாறு செய்து, ஆவியின் அடர்த்தியையும் அளந்தார். 1912இல் இலண்டன் வேதியியற் கழகத்தில் இதனை அவர் எடுத்துரைத்தபோது, நோபல் பரிசாளர் வில்லியம் இராம்சே மனமுவந்து பாராட்டினார். அரபு நாட்டு அறிஞர்கள் வாலையில் வடித்துப் பொருளைத் தூய்மையாக்கிய கலை, ஒரு வங்கத்துக் கண்ணாடிக் குழாயில் இவ்வளவு நுட்பமாக வளர்ந்திருந்தது!

தாய்மொழியில் அறிவியல் கற்பிக்கப்படவேண்டும் என வாதிட்டவர் அவர். தமிழ்த்துறையினராகிய நாம் அவரை நினைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். மணம் புரியாது வாழ்ந்த அவர், 1921இல் அறுபது அகவை நிறைந்தபோது, அதன்பின் தமக்கு வரவேண்டிய ஊதியம் முழுவதையும் பல்கலைக்கழக வேதியியல் துறைக்கே எழுதிவைத்தார். 1922இல் வட வங்கம் வெள்ளத்தில் மூழ்கியபோது, நூலையும் குடுவையையும் விட்டுவிட்டு நிதி திரட்டப் புறப்பட்டார். அறிவியற் கல்லூரியிலேயே ஓர் எளிய அறையில், மாணவர் சிலர் உடனிருக்க வாழ்ந்துவந்த அப்பெருமகன் 1944 ஜூன் 16ஆம் நாள் மறைந்தார்.