செண்டா பெரன்சன்

செண்டா பெரன்சன் அபட் (மார்ச் 19, 1868 - பெப்ரவரி 16, 1954) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த உடற்கல்வி ஆசிரியர். மாசச்சூசெட்ஸ் மாநிலம் நார்த்தாம்ப்டன் நகரில் உள்ள ஸ்மித் மகளிர் கல்லூரியில் 1892 முதல் 1911 வரை பணியாற்றினார். கூடைப்பந்தாட்டம் உருவான சில வாரங்களிலேயே அதனைக் கல்லூரி மாணவியருக்குக் கற்பித்து, பெண்களுக்கெனத் தனி விதிகளையும் வகுத்தார். கல்லூரி மகளிர் கூடைப்பந்தாட்டப் பயிற்றுநர் என்னும் பணி இவரிடமிருந்தே தொடங்குகிறது எனலாம். பெண்கள் கூடைப்பந்தாட்டத்தின் தாய் என்றும் இவர் அழைக்கப்படுகிறார்.

இளமை

செண்டா, அப்போது உருசியப் பேரரசின் கீழிருந்ததும் இப்போது லித்துவேனியா நாட்டில் உள்ளதுமான புட்ரிமோனிஸ் என்னும் சிற்றூரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். குடும்பப் பெயர் வால்வ்ரோயென்ஸ்கி. தந்தை 1874-இல் பொஸ்டன் நகருக்குக் குடிபெயர்ந்து, பெரன்சன் எனப் பெயரை மாற்றிக்கொண்டார். அடுத்த ஆண்டு தாயும் பிள்ளைகளும் அவருடன் சேர்ந்தனர். தந்தை பாத்திரங்களைத் தெருத்தெருவாகச் சுமந்து விற்றுக் குடும்பத்தைக் காத்தார். மூத்த மகன் பெர்னார்ட் பெரன்சன் பின்னாளில் இத்தாலிய மறுமலர்ச்சிக்கால ஓவியங்களைப் பற்றிய உலகப் புகழ்பெற்ற ஆய்வாளரானார். அண்ணனுக்கும் தங்கைக்கும் இடையே வாழ்நாள் முழுவதும் கடிதத் தொடர்பு இருந்தது.

செண்டா சிறுவயதிலிருந்தே நோயாளி. பள்ளிப் படிப்பை அவரால் முறையாக முடிக்க இயலவில்லை. பியானோ கற்க இசைக் கல்லூரியில் சேர்ந்தார். முதுகுவலியால் நீண்டநேரம் அமர்ந்து பயில முடியாமல் அதனையும் கைவிட்டார். உடலைத் தேற்றிக்கொள்ளும் நோக்கத்துடன் மட்டுமே 1890-இல் பொஸ்டன் உடற்பயிற்சி ஆசிரியர் பள்ளியில் சேர்ந்தார். மேரி எமன்வே என்னும் செல்வச் சீமாட்டியின் கொடையால் 1889-இல் தொடங்கப்பட்ட அப்பள்ளியை ஏமி மொரிஸ் ஓமன்ஸ் நடத்தி வந்தார். அங்கே சுவீடிய முறை உடற்பயிற்சி கற்பிக்கப்பட்டது. தொடக்கத்தில் சில நிமிடங்கள்கூட நிற்க இயலாத செண்டா, படிப்படியாக உடல் தேறினார். விருப்பமின்றித் தொடங்கிய பயிற்சியே அவருக்கு வாழ்க்கைத் தொழிலாயிற்று.

ஸ்மித் கல்லூரி

பெரன்சனின் பணியை மதிப்பிட அக்காலத்துக் கருத்துகளையும் அறிந்திருத்தல் வேண்டும். ஹார்வர்டு மருத்துவப் பேராசிரியர் எட்வர்ட் கிளார்க் 1873-இல் வெளியிட்ட நூலொன்றில், ஆண்களைப்போல் உயர்கல்வி கற்கும் பெண்களின் உடல்நலம் கெடும், மகப்பேற்றுத் திறன் குன்றும் என வாதிட்டிருந்தார். அந்நூல் பரவலாக வாசிக்கப்பட்டது. ஆகவே மகளிர் கல்லூரிகள் தம் மாணவியர் நலமாக இருப்பதை ஊரறியக் காட்ட வேண்டிய நிலையில் இருந்தன. 1875-இல் வகுப்புகளைத் தொடங்கிய ஸ்மித் கல்லூரியும் அதற்கு விலக்கன்று. உடற்பயிற்சிக் கூடம் அங்கே பாடத்திட்டத்தின் ஒரு பகுதியாக மட்டுமல்லாமல், கல்லூரியின் தற்காப்பாகவும் விளங்கியது.

1892 சனவரியில் பெரன்சன் அங்கு உடற்பயிற்சி ஆசிரியராகச் சேர்ந்தார். வரிசையில் நின்று கட்டளைக்கேற்ப கைகால்களை அசைக்கும் சுவீடியப் பயிற்சி மாணவியருக்குச் சலிப்பூட்டியது. நார்த்தாம்ப்டனிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில், அதாவது திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் இடையேயுள்ள தொலைவில் சுமார் பாதியில், ஸ்பிரிங்ஃபீல்டு நகரம் உள்ளது. அங்கிருந்த இளைஞர் கிறித்தவ சங்கப் பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நைஸ்மித் 1891 டிசம்பரில்தான் கூடைப்பந்தாட்டத்தை உருவாக்கியிருந்தார். குளிர்காலத்தில் கூரையின்கீழ் ஆடுவதற்காக, பீச் பழக் கூடைகளைப் பத்தடி உயரத்தில் மாட்டி அமைத்த ஆட்டம் அது. அச்சங்கத்தின் இதழொன்றில் இதைப் பற்றிப் படித்த பெரன்சன், உடனே தம் மாணவியரிடம் சோதித்துப் பார்த்தார். பெண்கள் ஆடுவதற்கென உருவாக்கப்பட்ட ஆட்டமன்று அது என்பது அவரைத் தடுக்கவில்லை.

1893 மார்ச் 22 அன்று முதலாமாண்டு மாணவியரும் இரண்டாமாண்டு மாணவியரும் மோதிய ஆட்டமே கல்லூரிப் பெண்களின் முதல் கூடைப்பந்தாட்டப் போட்டியாகக் கருதப்படுகிறது. பார்வையாளராக ஆண்கள் அனுமதிக்கப்படவில்லை. ஆட்டத்தைத் தொடங்கப் பெரன்சன் பந்தை மேலே எறிந்தபோது, முதலாமாண்டு அணித்தலைவியின் உயர்த்திய கையில் அது பட்டு, அவரது தோள்மூட்டு விலகியது. மூட்டைச் சரிசெய்தபின் மாற்று வீராங்கனையுடன் ஆட்டம் தொடர்ந்தது. இரண்டாமாண்டு அணி 5-4 என்ற கணக்கில் வென்றது. பெண்களின் உடல் இத்தகைய ஆட்டத்தைத் தாங்காது என்போருக்கு இந்தக் காயம் ஒன்றே போதிய சான்றாகியிருக்கும். ஆயினும் பெரன்சன் ஆட்டத்தை நிறுத்தவில்லை. அதன் விதிகளை மாற்றுவதில் முனைந்தார்.

பெண்களுக்கான விதிகள்

பெரன்சனின் விதிகளில் முதன்மையானது ஆடுகளப் பிரிப்பு ஆகும். தரையில் இரு கோடுகள் வரையப்பட்டு ஆடுகளம் மூன்று பகுதிகளாக்கப்பட்டது. ஒவ்வொரு பகுதியிலும் ஓரணிக்கு இருவர் அல்லது மூவர் நிறுத்தப்பட்டனர்; அவர்கள் தம் கோட்டைத் தாண்டக் கூடாது. எதிரணியினரின் கையிலுள்ள பந்தைப் பறிக்கக் கூடாது. பந்தை மூன்று நொடிகளுக்கு மேல் கையில் வைத்திருக்கக் கூடாது. தரையில் தட்டிச் செல்வதானால் மூன்று முறைக்கு மேல் தட்டக் கூடாது.

இவ்விதிகளின் விளைவு இருவகைப்பட்டது. ஓட்டமும் மோதலும் குறைந்தன. மருத்துவர்களும் பெற்றோரும் கூறக்கூடிய மறுப்புக்கு இடமில்லாது போயிற்று. அதேவேளை, திறமை மிக்க ஒருத்தி மட்டும் பந்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு ஆட்டத்தை நடத்துவதும் இயலாததாயிற்று. பந்து கூடையை அடைய மூன்று பகுதியினரின் கைகளையும் கடந்தாக வேண்டும். இந்தக் கூட்டாட்டத்தையே பெரன்சன் பெரிதும் மதித்தார். எனவே அவரது விதிகளை அச்சத்தால் விளைந்த கட்டுப்பாடுகள் என்று மட்டும் கொள்வது பொருந்தாது.

பெண்களுக்கான விதிகளை வகுத்தவர் இவர் ஒருவர் மட்டுமல்லர். நியூ ஓர்லியன்ஸ் நகரின் நியூகோம் கல்லூரியில் பணியாற்றிய கிளாரா பேயர் 1895-இலேயே தம் விதிகளை அச்சிட்டிருந்தார். ஊருக்கு ஊர் விதிகள் வேறுபட்டதால், 1899 சூனில் ஸ்பிரிங்ஃபீல்டில் கூடிய உடற்பயிற்சி மாநாட்டில் பொது விதிகளுக்கான குழு அமைந்தது. அக்குழு பெரும்பாலும் ஸ்மித் கல்லூரி விதிகளையே ஏற்றது. பெரன்சனைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1901-இல் விதிநூல் வெளிவந்தது. 1905 முதல் 1917 வரை மகளிர் கூடைப்பந்தாட்டக் குழுவின் தலைவராகவும் அவர் இருந்தார்.

கல்லூரிகளுக்கிடையேயான போட்டிகளைப் பெரன்சன் ஆதரிக்கவில்லை. 1896 ஏப்ரல் 4 அன்று சான் பிரான்சிஸ்கோவில் ஸ்டான்ஃபோர்டு, கலிபோர்னியா பல்கலைக்கழக மாணவியர் மோதி, ஸ்டான்ஃபோர்டு 2-1 என வென்றது. ஸ்மித் கல்லூரியிலோ வகுப்புகளுக்கிடையே மட்டுமே ஆட்டங்கள் நடந்தன. வெற்றி வெறியும் சூதாட்டமும் ஆண்களின் கல்லூரி விளையாட்டைக் கெடுத்துவிட்டன, அந்நிலை பெண்களுக்கு வரக் கூடாது என்பது அவரது கருத்து. இன்றைய பொருளில் பயிற்றுநரின் தகுதி வென்ற ஆட்டங்களைக் கொண்டே அளக்கப்படுகிறது. அவ்வகையில் பெரன்சனுக்கு வெற்றி, தோல்விக் கணக்கு எதுவுமில்லை.

பிற பணிகளும் திருமணமும்

1897-இல் ஸ்டாக்ஹோம் நகரிலுள்ள அரச உடற்பயிற்சி நிறுவனத்தில் பயின்று திரும்பினார். வாள்வீச்சு, நாட்டார் நடனம், வளைகோல் பந்தாட்டம் ஆகியன ஸ்மித் கல்லூரியில் இவர் காலத்தில் இடம்பெற்றன. 1911-இல் அக்கல்லூரியின் ஆங்கிலப் பேராசிரியர் ஹெர்பர்ட் வாகன் அபட்டை மணந்து, கல்லூரிப் பணியிலிருந்து விலகினார். கணவர் பேராசிரியராகத் தொடர்ந்தார். செண்டா அதே நகரிலிருந்த மேரி பர்னம் பள்ளியில் 1921 வரை உடற்கல்வியை நடத்தினார். கணவர் 1929-இல் காலமானார். 1934-இல் கலிபோர்னியாவின் சாண்டா பார்பரா நகருக்குச் சென்று சகோதரியுடன் வாழ்ந்து, 1954-இல் அங்கேயே மறைந்தார்.

கோடுகளின் பிற்கால வரலாறு

பெரன்சன் வரைந்த கோடுகள் அவருக்குப் பின்னும் நெடுங்காலம் நீடித்தன. 1938-இல் மூன்று பகுதிகள் இரண்டாயின. 1953-இல் சிலியில் நடந்த முதல் உலக மகளிர் கூடைப்பந்தாட்டப் போட்டியில் அமெரிக்கப் பெண்கள் ஐவர் அணியாக முழுக்களத்திலும் ஓடி ஆடிப் பட்டம் வென்றனர். தாய்நாட்டில் பெரும்பாலான மாணவியர் அப்போதும் அறுவர் அணியாக அரைக்களத்தில் ஆடிக்கொண்டிருந்தனர். 1971-இல்தான் ஐவர் முழுக்கள ஆட்டம் கல்லூரிப் பெண்களுக்கு முறையான விதியாயிற்று. அயோவா மாநிலப் பள்ளிகளில் அறுவர் ஆட்டம் 1993 வரை நீடித்தது.

போட்டி எதிர்ப்புக் கொள்கை இன்னும் கடுமையாகச் செயற்பட்டது. 1923-இல் அமைந்த தேசிய அமெச்சூர் தடகளக் கூட்டமைப்பின் மகளிர் பிரிவு, கல்லூரிப் பெண்களின் வெளிப்போட்டிகளுக்கு எதிராக இயங்கியது. பல கல்லூரிகள் தம் அணிகளைக் கலைத்தன. மிசிசிப்பி மாநிலத்தின் டெல்ட்டா ஸ்டேட் கல்லூரி, இவ்வாட்டம் இளம்பெண்களுக்குக் கடினமானது எனக் கூறி 1932-இல் அணியைக் கலைத்தபோது, அதன் வீராங்கனைகள் தம் சீருடைகளை எரித்தனர். அவர்களுள் ஒருவரான மார்கரெட் வேட், 1973-இல் அதே கல்லூரி அணியை மீட்டபோது பயிற்றுநராக அழைக்கப்பட்டு, 1975, 1976, 1977 ஆகிய மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து தேசியப் பட்டம் வென்றார். பாலினப் பாகுபாட்டைத் தடைசெய்த 1972-ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் இம்மீட்சிக்கு வழிவகுத்தது. ஆனால் அதே சட்டத்தின்பின் ஊதியமும் மதிப்பும் கூடியதால் ஆண்களும் இப்பணிக்கு வரலாயினர். 1972-இல் அமெரிக்கக் கல்லூரி மகளிர் அணிகளில் 90 விழுக்காட்டிற்கும் மேற்பட்டவற்றுக்குப் பெண்களே பயிற்றுநர்களாக இருந்தனர். பின்னர் அது பாதிக்கும் கீழே இறங்கியது. பெரன்சன் காலத்து மூடிய உடற்பயிற்சிக் கூடங்கள் மாணவியரை வெளிப்போட்டிகளிலிருந்து விலக்கி வைத்திருந்தாலும், ஆசிரியைகளுக்கு உறுதியான பணியிடமாக இருந்தன என்பதும் குறிப்பிடத்தக்கது.

தமிழ்நாட்டிற்குக் கூடைப்பந்தாட்டம் ஸ்பிரிங்ஃபீல்டு வழியாகவே வலுவாக வந்தது. அங்கு பயின்ற ஹாரி குரோ பக் 1920-இல் சென்னையில் உடற்கல்விக் கல்லூரியை நிறுவினார். இன்று திண்டுக்கல் உள்ளிட்ட ஊர்களில் மாணவியர் ஆடுவது கோடுகளற்ற ஐவர் ஆட்டமே. எனினும் மூன்றாகப் பிரித்த களம், மூன்று நொடிக் கட்டுப்பாடு, பந்தைப் பறிக்கத் தடை ஆகியவற்றை வலைப்பந்தாட்டத்தில் இன்றும் காணலாம். 1890களில் இங்கிலாந்து சென்ற பெண்கள் கூடைப்பந்தாட்டத்திலிருந்து வளர்ந்தது அது. இலங்கையில் பெண்களிடையே பெரிதும் ஆடப்படுகிறது. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த தர்ஜினி சிவலிங்கம் இவ்வாட்டத்தின் புகழ்பெற்ற வீராங்கனை.

சிறப்புகள்

1985-இல் ஸ்பிரிங்ஃபீல்டிலுள்ள நைஸ்மித் நினைவுக் கூடைப்பந்தாட்டப் புகழ் மன்றத்தில் பெண்கள் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டபோது, பெரன்சனும் மார்கரெட் வேட்டும் ஒருங்கே இடம்பெற்றனர். 1999-இல் மகளிர் கூடைப்பந்தாட்டப் புகழ் மன்றத்திலும் பெரன்சன் சேர்க்கப்பட்டார். இவருடைய கடிதங்களும் குறிப்புகளும் ஸ்மித் கல்லூரி ஆவணக் காப்பகத்தில் பாதுகாக்கப்பட்டு வருகின்றன.