சகோதரி நிவேதிதா தைப்பித்த கொடி

கொடி என்றதும் திருப்பூர் வட்டாரத்தில் பிறந்த எவருக்கும் முதலில் நினைவுக்கு வருபவர் குமரன். 1932-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் தடியடிபட்டுக் கீழே வீழ்ந்த பின்னும் கையிலிருந்த கொடியை விடாத அந்த இளைஞரைப் பற்றிப் பள்ளி விழாக்களில் பலமுறை பேசக் கேட்டிருக்கிறோம். கொடியைக் காத்தவரை அறிந்த நாம், கொடியைத் தைத்தவர்களைப் பற்றி அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. குண்டடத்திலிருந்து பனியன் கம்பெனிக்கு விடியுமுன்னே வேன் ஏறும் தாய்மார்களின் பிள்ளைகளும் எங்கள் வகுப்பில் இருக்கிறார்கள். ஒரு துணி உருவாகி முடிவதற்குள் அதில் எத்தனை கைகள் படுகின்றன என்பதை யாரும் எங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆகவேதான், தம் பள்ளி மாணவியரின் கைகளால் பாரத நாட்டுக்கு ஒரு கொடி தைப்பித்த சகோதரி நிவேதிதாவின் வரலாற்றை இங்கு எழுத முன்வந்தோம்.

அவருடைய இயற்பெயர் மார்கரெட் எலிசபெத் நோபிள். அயர்லாந்து நாட்டில் டங்கானன் என்னும் ஊரில் 1867 அக்டோபர் 28-ஆம் நாள் பிறந்தார். தந்தையார் ஒரு கிறித்தவப் போதகர். அவர் இளம் வயதிலேயே காலமானார். அப்போது மார்கரெட்டுக்கு வயது பத்து. தாய் வழிப் பாட்டனாரின் ஆதரவில் வளர்ந்து, இங்கிலாந்தில் ஹாலிபாக்ஸ் என்னுமிடத்தில் விடுதியில் தங்கிப் படித்து, பதினேழாவது வயதிலேயே ஆசிரியை ஆகிவிட்டார். பதினேழு வயது என்றால் எங்களைவிட இரண்டு ஆண்டுகள்தாம் மூத்தவர்! பின்பு லண்டனை அடுத்த விம்பிள்டனில் சொந்தமாகவே ஒரு பள்ளி நடத்தினார். குழந்தைகள் மனப்பாடம் செய்வதைவிடக் கையால் செய்து பார்த்தே நன்றாகக் கற்பார்கள் என்பது அவருடைய உறுதியான எண்ணம். இந்த எண்ணமே பின்னாளில் நம் நாட்டுச் சிறுமியர் கையில் ஊசியையும் களிமண்ணையும் வண்ணத்தையும் கொடுத்தது.

1895-ஆம் ஆண்டு நவம்பரில் லண்டனில் சுவாமி விவேகானந்தரின் உரையை முதன்முறையாகக் கேட்டார். கேட்டவுடன் ஒப்புக்கொண்டுவிடவில்லை, கேள்விமேல் கேள்வி கேட்டார். இந்தியப் பெண்களின் கல்விக்குப் பாடுபட ஒருவர் தேவை என்று சுவாமி கருதியதை அறிந்து, வீட்டையும் உற்றாரையும் விட்டு 1898 ஜனவரி 28-ஆம் நாள் கல்கத்தா வந்து இறங்கினார். மார்ச் 25-ஆம் நாள் அவருக்கு நிவேதிதா என்னும் பெயர் சூட்டப்பட்டது. அர்ப்பணிக்கப்பட்டவள் என்பது அதன் பொருள்.

அவ்வாண்டு நவம்பர் 13-ஆம் நாள், வடக்குக் கல்கத்தாவில் பாக்பஜார் பகுதியின் ஒரு குறுகிய சந்தில், அன்னை சாரதா தேவியார் முன்னிலையில் பெண்கள் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். தொடங்கிவிட்டால் போதுமா? மாணவிகள் வேண்டுமே! பெண்ணைத் தெருவில் அனுப்பத் தயங்கிய காலம் அது. பத்து வயதிலேயே திருமணம் முடித்துவிடுவார்கள். கணவனை இழந்த சிறுமியோ மூலையில் உட்கார வேண்டியதுதான். நிவேதிதா வீடு வீடாகச் சென்று பிள்ளைகளை அனுப்பும்படி பெற்றோரைக் கெஞ்சினார். 1899-ல் கல்கத்தாவில் பிளேக் நோய் பரவியபோது துடைப்பம் எடுத்துச் சந்துகளைத் தாமே பெருக்கினார். அதைக் கண்டு வெட்கமடைந்த இளைஞர்கள் தாங்களும் துடைப்பம் எடுத்தார்களாம்.

ஆயினும் பணமில்லாமல் பள்ளி எப்படி நடக்கும்? அதே ஆண்டில் பள்ளியை நிறுத்திவிட்டு, நிதி திரட்ட மேல்நாடு செல்ல நேர்ந்தது. திரும்பி வந்து மறுபடி தொடங்கியது 1902-ல். அவ்வாண்டு ஜூலை 4-ஆம் நாள் விவேகானந்தரும் மறைந்தார். குருவும் இல்லை, கையில் பொருளும் இல்லை. நூல்கள் எழுதியும் சொற்பொழிவுகள் ஆற்றியும் வந்த வருவாயில் பள்ளியை நடத்தினார். எங்களுக்கு அவரிடம் மிகவும் பிடித்தது இதுதான்: நின்றுபோன வேலையை நின்றுபோனதாகவே விட்டுவிட அவருக்குத் தெரியாது.

இனிக் கொடியின் கதைக்கு வருவோம்.

1904-ல் விஞ்ஞானி ஜகதீச சந்திர போஸ், கவி ரவீந்திரநாத் தாகூர் முதலியோருடன் நிவேதிதா புத்தகயைக்குச் சென்றிருந்தார். அங்கே கல்லில் செதுக்கப்பட்ட வஜ்ராயுதச் சின்னம் அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. தேவர்களைக் காப்பதற்காகத் ததீசி முனிவர் தம் முதுகெலும்பையே கொடுத்தார் என்றும் அதிலிருந்து பிறந்ததே வஜ்ரம் என்றும் புராணம் கூறும். தனக்கென ஒன்றையும் வைத்துக்கொள்ளாதவன் வஜ்ரத்தைப் போன்ற வலிமை பெறுவான். ஆகவே நம் நாட்டுக்கு ஏற்ற சின்னம் இதுவே என்று நிவேதிதா முடிவு செய்தார். அப்போது இந்தியர்களுக்கென்று ஒரு கொடி கிடையாது. அரசாங்கக் கட்டடங்களில் பறந்தது ஆங்கிலேயரின் கொடி.

1905-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் முதல் கொடி தயாராகிவிட்டது. சீனப் போர்க்கொடியை முன்மாதிரியாகக் கொண்டு, சிவப்புத் துணியில் கறுப்பு வஜ்ரத்தை அமைத்திருந்தார். ஆனால் பார்த்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை. நம் வீட்டு விசேஷங்களை நினைத்துப் பார்த்தாலே காரணம் விளங்கும். மங்கலமான காரியத்துக்குக் கறுப்பை யார் எடுப்பார்கள்?

நிவேதிதா அப்போதே புகழ் பெற்றவர், நூலாசிரியர், பெரியவர்கள் அவரிடம் வந்து யோசனை கேட்பார்கள். தாம் செய்ததே சரி என்று அவர் நின்றிருந்தால் எதிர்த்துப் பேசுபவர் குறைவு. அவரோ இந்த மண்ணின் கண்ணுக்கு எது அழகோ அதுவே கொடியில் இருக்க வேண்டும் என்று ஏற்றுக்கொண்டு, சிவப்பில் மஞ்சள் என்று நிறத்தை மாற்றினார். தைப்பதைவிடப் பிரிப்பதற்கே பொறுமை அதிகம் வேண்டும் என்பது தையல் வகுப்பில் உட்கார்ந்த எவருக்கும் தெரியும். அதுவும் தான் ஆசையாகத் தைத்ததைத் தானே வேண்டாமென்று ஒதுக்குவதற்கு எவ்வளவு பெரிய மனம் வேண்டும்!

ஆனால் வேறு வேலைகள் குறுக்கிட்டன. 1905 அக்டோபர் 16-ஆம் நாள் வங்காளம் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. அந்நியத் துணியைப் புறக்கணிக்கும் சுதேசி இயக்கம் தீயாகப் பரவியது. வந்தே மாதரம் பாடுவதை அதிகாரிகள் தடுத்த அக்காலத்திலும் நிவேதிதாவின் பள்ளியில் அது அன்றாடம் பாடப்பட்டது. ராட்டை சுற்றக் கற்றுத்தர ஒரு மூதாட்டி அமர்த்தப்பட்டார். காந்தியடிகள் ராட்டையைக் கையில் எடுப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பு நடந்தது இது. அடுத்த ஆண்டு கிழக்கு வங்காளத்தில் வெள்ளமும் பஞ்சமும் வரவே, படகிலும் நீரிலும் ஊர் ஊராகச் சென்று தொண்டு செய்தார். கடுங் காய்ச்சலோடு திரும்பி வந்து நெடுநாள் படுத்தார்.

இவ்வளவுக்கும் பிறகு, 1906 டிசம்பரில் தாதாபாய் நௌரோஜி தலைமையில் கல்கத்தாவில் காங்கிரஸ் மகாசபை கூடியபோது நடந்த கண்காட்சியில், நிவேதிதாவின் கொடி மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. முதல் கொடிக்கும் இதற்கும் இடையே ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள். சிவப்புத் துணி, நடுவில் மஞ்சள் நிறத்தில் வஜ்ரம், இரு புறமும் வங்க எழுத்தில் வந்தே மாதரம் என்னும் சொற்கள், ஓரம் சுற்றிலும் 108 தீபங்கள். பூவேலை முழுவதும் அவர் பள்ளி மாணவியர் செய்தது.

அந்த 108 தீபங்களை எண்ணியபடியே நாங்கள் சற்று நேரம் நின்றுவிட்டோம். ஒரு தீபத்துக்குச் சுடர், அகல் என்று இரண்டு நூல் மாற்ற வேண்டும். வங்காளத்துப் பெண்கள் பழைய சேலைகளை அடுக்கி, கரையிலிருந்து உருவிய நூலால் தைத்துப் போர்வை செய்வதில் பெயர் பெற்றவர்கள். காந்தா என்று அதைச் சொல்வார்கள். நம் கந்தை என்ற சொல்லும் அதுவும் உறவு. வீட்டுக்குள் போர்வைக்காகப் பழகிய அந்தக் கைத்தொழில் முதன்முறையாக நாட்டுக்காக வெளியே வந்தது. வாசற்படி தாண்டக் கூடாதென்று வளர்க்கப்பட்ட சிறுமியர் அவர்கள். அவர்கள் ஊசி போட்ட துணியோ நாட்டின் பல மூலைகளிலிருந்தும் வந்த தலைவர்கள் பார்க்கும் இடத்தில் தொங்கியது.

காங்கிரஸ் மகாசபைக்கு வடக்கே சென்ற நம் மகாகவி பாரதியார் நிவேதிதாவைச் சந்தித்த செய்தி தமிழர் அனைவரும் அறிந்ததே. மனைவியை ஏன் அழைத்து வரவில்லை என்று அவர் கேட்ட கேள்வி பாரதியாரின் உள்ளத்தைத் தைத்தது. பெண் விடுதலையைப் பற்றி அவர் பின்னாளில் எழுதியவற்றுக்கெல்லாம் வித்து அங்கே விழுந்தது. நிவேதிதாவைத் தம் குருவாகவே கொண்டார். 1908-ல் வெளியிட்ட ஸ்வதேச கீதங்களையும் 1909-ல் வெளியிட்ட ஜன்மபூமியையும் அவருக்கே காணிக்கையாக்கினார்.

அந்தக் கொடி தேசியக் கொடியாக ஏற்கப்படவில்லை. 1906 ஆகஸ்டிலேயே கல்கத்தாவில் வேறொரு மூவண்ணக் கொடி ஏற்றப்பட்டிருந்தது. 1907-ல் காமா அம்மையார் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் இன்னொன்றை விரித்துக் காட்டினார். நமது இன்றைய கொடி அரசியல் நிர்ணய சபையால் ஏற்கப்பட்டது 1947 ஜூலை 22-ஆம் நாள். அதைக் காண நிவேதிதா இல்லை. 1911 அக்டோபர் 13-ஆம் நாள் டார்ஜிலிங்கில், போஸ் தம்பதியரின் பராமரிப்பில் இருந்தபோது அவர் உயிர் பிரிந்தது. நாற்பத்து நான்கு வயதுகூட நிறையவில்லை. இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன்பு உயில் எழுதி, தம்மிடம் இருந்த பணத்தையும் தம் நூல்களின் உரிமையையும் இந்தியப் பெண்களின் கல்விக்கே விட்டுச் சென்றார். பாக்பஜாரில் அவர் தொடங்கிய பள்ளி இன்றும் அவர் பெயரிலேயே நடந்து வருகிறது.

வஜ்ரம் மட்டும் மறையவில்லை. 1917-ல் ஜகதீச சந்திர போஸ் தம் ஆராய்ச்சிக் கழகத்தைத் திறந்தபோது அதற்கு வஜ்ரத்தையே சின்னமாக்கினார். போரில் தீரச் செயல் புரிந்தோருக்கு நம் குடியரசு வழங்கும் விருதுகளில் தலையாயதாகிய பரம வீர சக்கரம் 1950-ல் ஏற்படுத்தப்பட்டது. அப்பதக்கத்தில் நாட்டின் இலச்சினையைச் சுற்றி நான்கு வஜ்ரங்கள் இருக்கின்றன. அதை வரைந்தவரும் ஒரு பெண்மணியே: சுவிட்சர்லாந்தில் பிறந்து, இந்தியப் படை அதிகாரி ஒருவரை மணந்து, சாவித்திரி கானோல்கர் என்று பெயர் பூண்டு இந்தியராகவே வாழ்ந்தவர்.