மளிகைக் கடைக்காரர் மட்கா ராஜா ஆனார்

மட்டாஞ்சேரியில் குஜராத்தி சாலை இருக்கிறது. மிளகு, இஞ்சி வியாபாரத்துக்காக கட்ச் சீமையிலிருந்து வந்து நிலைத்துவிட்ட குடும்பங்கள் அந்த வட்டாரத்தில் உண்டு. தோப்பும்படிக்காரர்களுக்கு அவர்கள் அன்னியர் அல்ல. அதே கட்ச் சீமையிலிருந்து பம்பாய்க்குப் பிழைக்கப் போன ஒருவர் வேறொரு தொழிலில் பேர் எடுத்தார். சூதாட்டம்தான் அந்தத் தொழில். அவர் பெயர் கல்யாண்ஜி பகத்.

ரதாடியா என்ற கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். குடும்பப் பெயர் காலா. அவர்களுடைய பக்தியை மெச்சி கட்ச் மன்னர் கொடுத்த பட்டமே 'பகத்' என்பார்கள்.

1941-ல் அவர் பம்பாய் வந்து சேர்ந்தார். தெருத்தெருவாக மசாலா சாமான் விற்றார். பிறகு மளிகைக் கடையைக் கவனித்துக்கொண்டார். கடை இருந்த ஒர்லி, பஞ்சாலைத் தொழிலாளர்கள் நிறைந்த பகுதி.

பருத்தி விலையில் பந்தயம்

அந்த நாளில் பம்பாயில் ஒரு வினோதமான பந்தயம் நடந்து வந்தது. நியூயார்க் பருத்திச் சந்தையின் ஆரம்ப விலையும் முடிவு விலையும் டெலிபிரிண்டரில் வரும். அந்த எண்களின் மேல் பணம் கட்டுவார்கள். 1961-ல் அது நின்று போயிற்று. ஆடிப் பழகியவர்கள் தவித்தார்கள்.

விலை வராவிட்டால் என்ன, எண்ணை நாமே எடுத்துவிடலாமே என்று துணிந்தவர் கல்யாண்ஜி. 1962-ல் ஒர்லியில் தம் ஆட்டத்தைத் தொடங்கினார். சீட்டுகளைப் பானைக்குள் போட்டு எண் எடுக்கும் வழக்கத்தால் 'மட்கா' என்ற பெயர் வந்தது. மட்கா என்றால் மண்பானை. பிற்பாடு பானை போய்ச் சீட்டுக்கட்டு வந்தது; பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

ஆட்டம் எளிது. மூன்று எண்கள் எடுப்பார்கள். 5, 3, 6 என்று வந்தால் கூட்டுத்தொகை 14. கடைசி இலக்கமான 4-தான் அன்றைய ஆரம்ப எண். இதே மாதிரி முடிவு எண்ணும் உண்டு. ஒற்றை எண்ணில் ஜெயித்தால் ஒன்றுக்கு ஒன்பது. இரண்டையும் ஜோடியாகச் சொல்லி ஜெயித்தால் ஒன்றுக்குத் தொண்ணூறு.

கூலிக்காரனுக்கு இது பெரிய தொகையாகத் தெரியும். மளிகைக் கடைக்காரருக்கோ கணக்குத் தெரியும். பத்துப் பேர் பத்து எண்களில் ஆளுக்கு ஒரு ரூபாய் கட்டினால் வரவு பத்து, பட்டுவாடா ஒன்பது. நூறு ஜோடிகளுக்கு நூறு ரூபாய் வந்தால் தொண்ணூறு போகும், பத்து தங்கும். எந்த எண் விழுந்தாலும் சரி, நீண்ட நாள் கணக்கில் கடைக்கு லாபம்தான். ஆடியவர்கள் அதிர்ஷ்டத்தை நம்பினார்கள். ஆட்டுவித்தவருக்கு அது தேவைப்படவே இல்லை.

சட்டத்தின் கண்ணில் இது குற்றம். 1887-ம் ஆண்டின் பம்பாய் சூதாட்டத் தடைச் சட்டம் அமுலில் இருந்தது. போதாததற்கு, 1872-ம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி பந்தய ஒப்பந்தம் செல்லாது. ஜெயித்த பணம் வராவிட்டால் கோர்ட்டுக்குப் போக முடியாது. ஒரு துண்டுச் சீட்டும் வாய்ச்சொல்லும்தான் ஆதாரம். நாணயம் கெட்டால் மறுநாள் ஒருவனும் வரமாட்டான். கடன் புத்தகம் வைத்து மளிகை விற்றவருக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

போட்டிக்கு வந்தவர்

1964-ல் ரத்தன் காத்ரி சில மாற்றங்களுடன் போட்டி ஆட்டம் தொடங்கினார். கராச்சியிலிருந்து வந்த சிந்திக்காரர். 'மட்கா ராஜா' என்ற பட்டம் பத்திரிகைகளில் அவருக்கே அதிகம் ஒட்டிக்கொண்டது. ஆனால் வழி போட்டவர் கல்யாண்ஜிதான். ஒர்லியில் 'வினோத் மஹால்' என்ற தம் கட்டிடத்து வளாகத்திலிருந்தே அவர் தொழில் நடத்தினார். ஆலைக் கூலி எத்தனையோ வீடுகளுக்குப் போய்ச் சேராமல் இந்தப் பக்கம் திரும்பியது.

கல்யாண்ஜிக்குப் பின் மகன் சுரேஷ் பகத் தொழிலை ஏற்றார். 2008 ஜூனில் அலிபாக் கோர்ட்டுக்குப் போய்த் திரும்பும் வழியில், லாரி மோதி அவரும் உடன் வந்தவர்களும் மாண்டார்கள். விபத்து என்று முதலில் நினைத்தார்கள். தொழிலைக் கைப்பற்றச் செய்த சதி என்று போலீஸ் கண்டது. 2013-ல் கோர்ட்டு ஆயுள் தண்டனை விதித்தவர்களில் சுரேஷின் மனைவியும் மகனும் இருந்தார்கள். அந்த மகன் கல்யாண்ஜியின் சொந்தப் பேரன்.