கரையாததைக் கரைத்த ரேச்சல் பிரவுன்



எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். முதலாண்டுக் கட்டணத்தை எங்கள் தெருப் பெரியம்மா ஒருவர் கட்டினார். வேதியியலில் அரியர் விழுந்ததும், அவர் முகத்தில் எப்படி முழிப்பது என்று படிப்பையே விட்டுவிட நினைத்தேன். நான் கோட்டைவிட்ட பெரிய கேள்வி கரைப்பான்கள் பற்றியது. அதைப் படிக்க நூலகம் போனபோதுதான் ரேச்சல் ஃபுல்லர் பிரவுன் அம்மையாரின் வரலாறு கிடைத்தது.

1898-ல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் பிறந்தவர். சிறுவயதிலேயே அப்பா குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். அம்மா வேலைக்குப் போய்க் காப்பாற்றினார். கல்லூரிக் கட்டணத்தைக் கட்டியவர் பாட்டியின் தோழி. சிகாகோவில் முனைவர் பட்ட ஆய்வேட்டைக் கொடுத்தும் வாய்மொழித் தேர்வு தள்ளிப்போனது. கையில் காசு இல்லை. 1926-ல் ஆல்பனியில் நியூயார்க் மாநில சுகாதாரத் துறை ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். பட்டம் கிடைத்தது 1933-ல்தான்!

1948-ல் நியூயார்க் நகரிலிருந்த எலிசபெத் ஹேசனோடு சேர்ந்து ஆராய்ச்சியைத் தொடங்கினார். ஹேசன் மண்ணிலுள்ள நுண்ணுயிர்களை வளர்த்து, பூஞ்சையைக் கொல்பவற்றைத் தபாலில் அனுப்புவார். பிரவுன் கரைப்பான்களைக் கொண்டு அதிலுள்ள மருந்துப் பொருளைப் பிரித்துத் திருப்பி அனுப்புவார். இப்படி 1950-ல் உலகுக்கு அறிவிக்கப்பட்டதுதான் நிஸ்டாடின்.

இந்த மூலக்கூறின் ஒரு பக்கம் தண்ணீரோடு சேரும், மறுபக்கம் சேராது. தண்ணீரில் போட்டால், சேராத பக்கங்களை உள்ளே மறைத்துக்கொண்டு ஒன்றோடொன்று கூட்டமாக ஒட்டிக்கொள்ளும். மெத்தனாலில் அந்தக் கூட்டம் கலைந்து பெரும்பாலும் தனித்தனியாக நிற்கும். இதே வகையைச் சேர்ந்த ஆம்ஃபோடெரிசின்-பி என்ற மருந்தும் அப்படித்தான். அது கூட்டமாக இருக்கிறதா, தனியாக இருக்கிறதா என்பதைப் பொறுத்து நோயாளியின் செல்களுக்கு வரும் பாதிப்பும் மாறுகிறது. ஆக, கரைப்பான் என்பது வெறும் தேர்வுக் கேள்வி இல்லை, உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

நிஸ்டாடின் காப்புரிமையில் வந்த தொகை 1 கோடியே 30 லட்சம் டாலருக்கும் மேல். இருவரும் தங்களுக்கென்று ஒரு காசுகூட எடுத்துக்கொள்ளவில்லை, எல்லாவற்றையும் ஆராய்ச்சிக்கே கொடுத்துவிட்டார்கள். 1980-ல் பிரவுன் மறைந்தார்.

நான் படிப்பை விடவில்லை. அரியரை முடித்ததும் மதிப்பெண் பட்டியலோடு முதலில் போனது பெரியம்மா வீட்டுக்குத்தான். அரியர் வைத்திருக்கும் நண்பர்களே, பிரவுன் அம்மையாரே ஏழு வருஷம் காத்திருந்தார். நமக்கு ஆறே மாசம்தான். எழுதுங்கள், வெல்லுங்கள்!