மருத்துவ ஆய்வாளர் எல்லப்பிரகட சுப்பாராவ்

குழந்தைகளுக்கு வரும் கடுமையான இரத்தப் புற்றுநோய்க்கு 1947ஆம் ஆண்டு வரை பயன்தரும் மருந்து இல்லை. நோய் கண்ட சில வாரங்களிலோ மாதங்களிலோ குழந்தை இறந்துவிடும். அந்நிலையை முதன்முதலில் அசைத்த மருந்தை ஆக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர், சென்னையில் மருத்துவம் பயின்ற எல்லப்பிரகட சுப்பாராவ்.

அவர் 1895ஆம் ஆண்டு சனவரி 12ஆம் நாள், அன்றைய சென்னை மாகாணத்துப் பீமவரத்தில் பிறந்தார். பள்ளியிறுதித் தேர்வில் இருமுறை தோற்றார். மூன்றாம் முறை, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் பயின்று வெற்றி பெற்றார். சென்னை மருத்துவக் கல்லூரியில் காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதராடை அணிந்தார். அது ஆங்கிலேயப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். பட்டத்திற்கு மாறாக, அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றே அவருக்குக் கிடைத்தது. உடன்பிறந்தார் இருவரை ஸ்ப்ரூ என்னும் குடல்நோய்க்குப் பறிகொடுத்திருந்த அவர், அந்நோய்க்கு மருந்து காணும் வேட்கையுடன் அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்குக் கப்பலேறினார்.

அங்கே இரவில் மருத்துவமனையில் எளிய ஊழியம் செய்துகொண்டே படித்தார். 1930இல் முனைவர் பட்டம் பெற்றார். 1940இல் லெடர்லி என்னும் மருந்து நிறுவனத்தில் சேர்ந்தார். அவருடைய குழுவினர் ஃபோலிக் அமிலத்தை ஆய்வகத்தில் செயற்கையாக உருவாக்கினர். ஸ்ப்ரூ நோயாளிகளை வாட்டிய சோகை அதனால் நீங்கியது.

பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் பணியாற்றிய சிட்னி ஃபார்பர், இதே வகைப் பொருளை இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். நோய் தணியவில்லை, விரைந்து முற்றுவதுபோல் தோன்றியது. அப்படியாயின், ஃபோலிக் அமிலத்தின் செயலைத் தடுத்தால் நோய் தளருமன்றோ? இவ்வாறு எண்ணிய ஃபார்பர் சுப்பாராவின் குழுவை நாடினார். அக்குழுவின் வேதியியலார் ஃபோலிக் அமிலத்தின் அமைப்பைச் சிறிது மாற்றி, அதைப் போலவே தோன்றும் பொருள்களை ஆக்கியிருந்தனர். பூட்டினுள் நுழைந்தும் திறவாத போலிச் சாவியைப் போன்றவை அவை. உயிரணு அதனை ஏற்கும். ஆனால் பெருக இயலாது.

அவற்றுள் ஒன்றான அமினோப்டெரினை 1947 டிசம்பர் இறுதியில் ஃபார்பர் பயன்படுத்தத் தொடங்கினார். 16 குழந்தைகளுள் 10 பேருக்கு நோய் தணிந்தது. படுக்கையில் கிடந்தவர்கள் எழுந்து விளையாடினர். ஆயினும் சில மாதங்களில் நோய் மீண்டது. இச்செய்தியைத் தாங்கிய கட்டுரை 1948 சூனில் வெளிவந்தது. அதை எழுதியவர் ஐவர். அவர்களுள் சுப்பாராவ் பெயர் இல்லை. அவ்வாண்டு ஆகஸ்டில், தம் 53ஆம் வயதில், தாயகம் திரும்பாமலேயே அவர் மறைந்தார்.

ஒரு மருந்து போதாது என்பதை உணர்ந்த மருத்துவர்கள் பின்னர்ப் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தனர். ஒரு மருத்துவமனைக்கு வரும் குழந்தைகள் சிலரே; ஆதலின் பல மருத்துவமனைகள் ஒன்றுகூடி முடிவுகளைத் தொகுத்து ஆராய்ந்தன. இன்று நல்ல மருத்துவ வசதி உள்ள நாடுகளில் இந்நோய் கண்ட குழந்தைகளுள் பத்தில் ஒன்பது பேர் அளவுக்குப் பிழைக்கின்றனர். அமினோப்டெரினின் உடன்பிறப்பான மெத்தோட்ரெக்சேட், சென்னையிலும் மும்பையிலும் தில்லியிலும் இன்றும் அக்குழந்தைகளுக்குக் கொடுக்கப்படுகிறது.