தீயில் அழியாத மூலதனம்

மூலதனம் குறித்த பாடத்தை நடத்தும்போதெல்லாம் நிலம், கட்டடம், இயந்திரம் என்று தொடங்கி, மனிதத் திறன் என்று முடிப்பது என் வழக்கம். அந்த இறுதிச் சொல்லுக்கு எடுத்துக்காட்டாக இன்று நான் கூற விரும்புவது, எகிப்தில் பெல்லி நடனத்தை மேடைக்கலையாக வளர்த்த பதியா மசப்னியின் வாழ்வை.

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் டமாஸ்கஸில் பிறந்த அவர், இளமையின் சில ஆண்டுகளை அர்ஜென்டினாவில் கழித்தார். பின்னர் எகிப்துக்கு வந்து நாடகங்களில் நடித்தார், பாடினார், ஆடினார். புகழ்பெற்ற நகைச்சுவை நடிகர் நகிப் அல்-ரிஹானியை மணந்து, பிறகு பிரிந்தார். அவருக்கு மேடையே பள்ளி.

1926-இல் கெய்ரோவில் சொந்த அரங்கைத் தொடங்கினார். எகிப்தில் நடனப் பெண்களின் நிலை எளிதானதல்ல. 1834-இல் ஆட்சியாளர் முகமது அலி அவர்களைத் தலைநகரிலிருந்தே வெளியேற்றியிருந்தார். திருமண வீடுகளில், விருந்தினர் நடுவே கிடைத்த சிறு இடத்தில் ஆடப்பட்ட அந்த நடனத்துக்கு இடுப்பசைவே உயிர். அகன்ற மேடைக்கு அது போதாது என்பதைப் பதியா உணர்ந்தார். கைகளின் வீச்சும், மேடை முழுவதும் நகரும் நடையும், குழு நடனமும் சேர்ந்தன. அரபு இசைக்கருவிகளோடு மேற்கத்தியக் கருவிகளும் ஒலித்தன. பெண்களுக்கென்றே தனிக்காட்சிகளும் நடந்தன.

அவருடைய பெருஞ்சாதனை, அரங்கைப் பயிற்சிக்கூடமாகவும் ஆக்கியதுதான். புதிதாக வரும் பெண் முதலில் குழுவில் ஆடுவார். தேர்ந்தபின் தனித்து ஆடுவார். 1930களில் அங்கு வந்த தஹியா கரியோகா, பிரேசில் நாட்டு நடனம் ஒன்றை ஆடிப் பெற்ற பெயராலேயே அறியப்பட்டார். அடுத்து வந்த சாமியா கமால், பாலே அசைவுகளையும் இணைத்துத் தமக்கென ஒரு பாணியை அமைத்தார். இருவரும் திரைப்படங்கள் வழியே அரபுலகம் முழுவதும் புகழ் பெற்றனர். தஹியாவைப் போற்றி அறிஞர் எட்வர்ட் செய்த் தனிக்கட்டுரையே எழுதினார்.

பதியாவின் செல்வம் நிலைக்கவில்லை. வரிப் பாக்கிச் சிக்கலால் 1950 வாக்கில் எகிப்தை விட்டு லெபனானுக்குச் சென்றார். ஓபரா சதுக்கத்தில் அவர் நிறுவிய அரங்கு, 1952 ஜனவரி 26 அன்று கெய்ரோ கலவரத்தில் எரிந்தது. லெபனானில் சிறு வணிகம் நடத்தி வாழ்ந்த அவர், 1974-இல் மறைந்தார்.

அரசின் கணக்கில் அவர் வரி செலுத்த வேண்டியவர். சமூகத்தின் கணக்கில் கேளிக்கை விடுதிக்காரி. இரு கணக்குகளிலும் விடுபட்டது ஒன்று: பட்டமோ சான்றிதழோ வழங்காமல் அவர் உருவாக்கிய கலைஞர்கள். அரங்கு எரிந்த பின்னும் தஹியாவும் சாமியாவும் ஆடிக்கொண்டிருந்தனர். அவர்களைப் பார்த்து அடுத்த தலைமுறை கற்றது.

ஒரு தொழிலை இழிவாகக் கருதும் சமூகம், அதனுள் நிகழும் கல்வியையும் காணத் தவறுகிறது. கல்லூரிக்கு வெளியே கற்பிப்போரையும் ஆசிரியர் என்று மதிக்க, பதியாவின் வாழ்வு நமக்கு உணர்த்துகிறது.