கேத்தே கொல்விட்ஸ் அம்மையார்

ஓவியம் கண்ணுக்கு இன்பம் பயப்பதற்கே என்பார் உளர். அது நெஞ்சைச் சுடவும் வல்லது என்பதைத் தம் வாழ்நாளெல்லாம் காட்டிச் சென்றவர் ஜெர்மனி நாட்டுக் கேத்தே கொல்விட்ஸ் அம்மையார்.

இவர் 1867-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 8-ஆம் நாள் கோனிக்ஸ்பர்க் நகரிற் பிறந்தார். தாயைப் பெற்ற பாட்டனார் யூலியுஸ் ரூப், அரசாங்கத் திருச்சபையினின்று விலகித் தனிச் சபை கண்ட போதகர். பெர்லின் கலைக்கழகம் அக்காலத்தில் மகளிர்க்குக் கதவடைத்திருந்தமையின், பெர்லினிலும் மியூனிக்கிலும் இருந்த மகளிர் ஓவியப் பள்ளிகளில் இவர் பயின்றார். 1891-இல் கார்ல் கொல்விட்ஸ் என்னும் மருத்துவரை மணந்து, பெர்லினில் தொழிலாளர் நெருங்கி வாழும் பகுதியிற் குடியேறினார். கணவரிடம் மருந்து வேண்டி வந்த ஏழைத் தாய்மாரின் முகங்களே அம்மையாருக்குப் பாடநூல்கள் ஆயின.

1844-இல் சைலீசிய நெசவாளர் செய்த கிளர்ச்சியை இவர் ஆறு படங்களாக வரைந்தார். அவற்றில், உறங்கும் குழந்தையை முதுகிற் சுமந்து ஊர்வலத்தில் நடக்கிறாள் ஒரு தாய். முதலாளியின் வாயிலில் தெருக்கல்லைப் பெயர்க்கின்றனர் பெண்கள். 1898-இல் நடுவர் இப்படங்களுக்குப் பொற்பதக்கம் வழங்கப் பரிந்துரைத்தனர். பேரரசர் இரண்டாம் வில்லியம் மறுத்துவிட்டார். 1906-இல் வீட்டுக் கைத்தொழிற் காட்சிக்கு, உழைத்துக் களைத்த பெண்ணொருத்தியின் முகத்தை அம்மையார் விளம்பரமாக வரைந்தார். அது நீக்கப்பட்டாலன்றிக் காட்சிக்கு வாரேன் என்றார் பேரரசியார். 1908-இல் முடிவுற்ற உழவர் போர்ப் படங்கள் ஏழனுள் ஒன்றில், வன்கொடுமைக்கு ஆளாகி வீழ்ந்து கிடக்கிறாள் ஓர் உழவுப் பெண். மற்றொன்றில், இரு கைகளையும் உயர்த்தி உழவர் கூட்டத்தை ஏவுகிறாள் அன்னா.

இனி வருவதே நாம் ஊன்றி நோக்கத்தக்கது. 1914-இல் யுத்தம் மூண்டது. இளைய மகன் பேதுரு, பதினெட்டு வயதினன், படையிற் சேர விழைந்தான். தந்தையார் இசையவில்லை, அம்மையாரே பரிந்து பேசி இசைவித்தார். அக்டோபரில் அவன் பெல்ஜியத்தில் மாண்டான். பிறரைக் குற்றஞ்சாட்டி வந்த எழுதுகோல் அன்று தம் பக்கமே திரும்பியது. 1922, 1923-ஆம் ஆண்டுகளில் வெட்டிய மரச்செதுக்குப் படங்களுள் முதலாவதில், ஒரு தாய் கண்மூடித் தன் பச்சிளங்குழவியைப் பலியாக நீட்டுகிறாள். மகன் கிடந்த இடுகாட்டுக்கென அம்மையார் பல்லாண்டு உழைத்துச் செய்த சிலைகள் 1932-இல் நிறுவப்பெற்றன. அவற்றில் வாளில்லை, வாகையில்லை. தாயும் தந்தையும் தனித்தனியே முழந்தாளிட்டிருக்கின்றனர். பின்னர் அவை விலாட்ஸ்லோ என்னும் இடத்துக்கு மாற்றப்பெற்று இன்றும் அங்குள்ளன.

1919-இல் பிரஷ்யக் கலைக்கழகம் இவரை உறுப்பினராக ஏற்றது. 1933-இல் ஹிட்லர் ஆட்சி இவரை அதனின்று வெளியேற்றியது. பின்பு படங்களைக் காட்சிக்கு வைத்தலும் தடைப்பட்டது. ஆயினும் நாட்டை விட்டகலாது, 1942-இல் ஒரு கல்லச்சுப் படம் வரைந்தார். அதில், துள்ளி வெளியேற முயலும் சிறுவரைத் தாயொருத்தி தன் மேலாடைக்குள் இறுக அணைத்துக் கொள்கிறாள். முன்னே நீட்டிய கைகள் இப்போது விடமாட்டா! அவ்வாண்டே, மாண்ட மகனின் பெயரைத் தாங்கிய பேரனும் ரஷ்யப் போர்முனையில் மடிந்தான். 1945 ஏப்ரல் 22-ஆம் நாள், யுத்தம் முடியச் சின்னாளே இருக்கையில், மோரிட்ஸ்பர்க்கில் அம்மையார் கண்மூடினார்.

அநீதியைக் கண்டிப்போர் பலர். அவ்வநீதியில் தமக்கும் பங்குண்டென ஒப்பி முழந்தாளிட்டுப் பின் கண்டிப்போர் சிலரே. அச்சிலருள் ஒருவராய் நின்றமையாலன்றோ அம்மையாரின் கரிக்கோட்டுக்கு முடியரசும் கொடுங்கோலும் அஞ்சின! மேடையேறிப் பிறரைச் சாட விரையும் நாம், இதனைச் சிறிது சிந்திப்போமாக.